காட்டுயிர் ஆய்வுக்கு நிதி: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

காட்டுயிரியல் படிக்கும் தம்பி தங்கைகள் நிதி கேட்டு எழுதும் ப்ரொபோசலைத் திருத்திக் கொடுப்பது எனக்கு ஒரு பக்கவேலை மாதிரி ஆகிவிட்டது. கூலி, ஒரு டீயும் வடையும். போன் செய்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு ஒரே சந்தேகங்கள்தான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளையும், நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன். தமிழ்நாட்டில் களப்பணி செய்யப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. தொகையும் கடைசித் தேதியும் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கிராண்ட், ஃபெலோஷிப் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஃபெலோஷிப் ஆளுக்கு வருவது, கிராண்ட் வேலைக்கு வருவது. சி.எஸ்.ஐ.ஆர். அல்லது யு.ஜி.சி. தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். 2023 ஜனவரியிலிருந்து இதுதான் தொகை. அது நீங்கள் சாப்பிட, வாடகை கொடுக்க, முனைவர் பட்டத்தை முடிக்க. வருடச் செலவுக்கென்று கூடவே ஒரு சிறு தொகை வரும், ஆனால் அதை வைத்து ஜீப் ஓட்டிக் களப்பணி செய்ய முடியாது.

கிராண்ட் ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கானது. நல்ல தமிழில் நல்கை என்பார்கள். எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் போனில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இன்ன இடத்தில், இன்ன மாதத்துக்குள், இன்ன வேலையைச் செய்கிறேன் என்று சொல்லி வாங்குகிறீர்கள். முடிந்ததும் கணக்கும் அறிக்கையும் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கையில் இருப்பதில் பொதுவாகத் தப்பில்லை. ஆனால் ஒரே செலவை இரண்டு இடத்திலும் காட்டக் கூடாது.

நான் எம்.எஸ்சி. முதல் வருஷம்தான். எனக்கெல்லாம் யார் பணம் தருவாங்க?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர். உள்ளூரிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் கடைசி வருட மாணவர்களின் ப்ராஜெக்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தொகை சிறியதுதான். ஆனால் அடுத்த விண்ணப்பத்தில் ‘முன்பு பெற்ற நிதி’ என்ற கட்டம் காலியாக இருக்காது.

பறவையியலாளர் ரவி சங்கரன் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை நடத்தும் திட்டத்தையும் பாருங்கள். கோவை ஆனைக்கட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்தவர் அவர், 2009-இல் காலமானார். அந்தத் திட்டத்தில் படிப்புக்கான உதவியோடு சிறு ஆய்வு நிதியும் உண்டு. வெளியே பார்த்தால் இங்கிலாந்தின் ரஃபோர்ட் அறக்கட்டளை. வளரும் நாடுகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகத் தருவார்கள். முதல் நிதியில் ஒழுங்காக வேலை செய்து அறிக்கை கொடுத்தால்தான் இரண்டாவதற்குக் கேட்கலாம். முனைவர் பட்டம் வேண்டும் என்று நிபந்தனை இல்லை. அமெரிக்காவின் ஐடியா வைல்ட் பணமாகத் தராது, பொருளாகத் தரும்: பைனாகுலர், ஜி.பி.எஸ்., விலங்கு கடக்கும்போது தானாகப் படம் எடுக்கும் கேமரா ட்ராப் இப்படி. கருவி மட்டும்தான் இடிக்கிறது என்றால் நேராக அங்கே போங்கள்.

எனக்குப் புலின்னா உயிர். புலியையே எழுதட்டுமா?

உங்களைப் போலவே இன்னும் ஆயிரம் பேருக்குப் புலி என்றால் உயிர். அதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்கள் இருக்கின்றன. புலி எத்தனை என்று வனத்துறையும் தேசியப் புலிகள் காப்பக ஆணையமும் தொடர்ந்து கணக்கெடுத்துக்கொண்டே இருக்கின்றன. நீங்கள் ஆறு மாதத்தில் நான்கு கேமராவை வைத்து அதற்குமேல் என்ன சொல்லிவிட முடியும்?

யாரும் கண்டுகொள்ளாத பிராணியை எடுங்கள். நீர்நாய், அலங்கு (எறும்புதின்னி), ஓடை மீன், தவளை, சோலையில் மட்டும் வளரும் ஏதோவொரு செடி. அபுதாபியில் 2008-இல் தொடங்கிய முகமது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதி, குறிப்பிட்ட ஓர் இனத்துக்கென்றே 25,000 டாலர் வரை தருகிறது. பூஞ்சைக்கும் வண்டுக்கும்கூடக் கொடுக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்துத் தங்கை ஒருத்தி சிறுத்தையைத்தான் எழுதி வந்தாள். ‘உங்க தோட்டத்துல என்ன இருக்கு?’ என்று கேட்டேன். ‘தேவாங்குதான் இருக்கு’ என்றாள், ஏதோ குறை சொல்வது போல. 2022-இல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்குச் சரணாலயத்தை அறிவித்த பகுதி அது. இனி வரும் பதில்களில் அவளுடைய ப்ரொபோசலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ப்ரொபோசல்ல அப்படி என்னதான் எழுதணும்?

ஒரு கேள்வி. ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழி.

அவள் முதலில் எழுதியது: ‘திண்டுக்கல் மாவட்டத்தில் தேவாங்கின் சூழலியலும் பாதுகாப்பும்’. இது கேள்வி இல்லை, புத்தகத்தின் அட்டை. அவள் ஊரில் என்ன நடக்கிறது என்று பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பழைய தோட்டங்களுக்குக் கிளுவை வேலி, அதாவது கிளுவை மரத்தை வரிசையாக நட்டு வளர்த்த உயிர்வேலி. இப்போது நிலம் கைமாறினால் முதல் வேலையாகக் கிளுவையை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். தேவாங்கு தரையில் நடக்கத் தயங்கும் பிராணி. கிளைவிட்டுக் கிளை போகத் தொடர்ச்சி வேண்டும். சரி, அப்படியென்றால் கேள்வி இதுதான்: கிளுவை வேலி இருக்கிற தோட்டத்திலும் கம்பி வேலி போட்ட தோட்டத்திலும் இரவில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை தேவாங்கு தென்படுகிறது? எண் வேறுபட்டால் யாரிடம் போய் என்ன சொல்லலாம்?

இந்த இரண்டாவது பாதியைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரஃபோர்ட் போன்ற அமைப்புகள் பாதுகாப்புக்குப் பயன்படாத வெறும் ஆய்வுக்குப் பணம் தருவதில்லை. அதற்காக ‘விழிப்புணர்வு முகாம் நடத்தப்படும்’ என்று கடைசியில் ஒட்டினால் ஒட்டுப்போட்டது என்று உடனே தெரிந்துவிடும். எந்த ஊராட்சி, எத்தனை விவசாயிகள், வேலியை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு என்ன லாபம் என்று எழுதுங்கள். தேவாங்கு பூச்சி தின்னும் பிராணி என்பதும் அங்கே பேச உதவும்.

பட்ஜெட்டை எப்படிப் போடுறது? ரவுண்டா ஒரு லட்சம்னு போட்டுடலாமா?

ரவுண்டாகப் போட்டால் யோசிக்காமல் போட்டது என்று அர்த்தம். வேலையிலிருந்து கணக்கை எடுங்கள். தேவாங்கு இரவில் நடமாடுவது. தலையில் மாட்டும் ஹெட்லைட்டில் சிவப்பு ஜெலட்டின் தாளைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தால் கண் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். மாதம் 15 இரவு, ஆறு மாதம், மொத்தம் 90 இரவு. ஓர் இரவுக்கு வண்டி 40 கிலோமீட்டர் ஓடும் என்றால் 3,600 கிலோமீட்டர். பழைய பைக் லிட்டருக்கு 45 கொடுத்தால் 80 லிட்டர் பெட்ரோல். ஜெலட்டின் தாள் பத்து ரூபாய். அதையும் எழுதினாள். அந்தப் பத்து ரூபாயைப் பார்க்கிறவருக்கு, இந்தப் பெண் உண்மையிலேயே இரவில் நடந்து பார்த்திருக்கிறாள் என்று தெரியும்.

கள உதவியாளர் கூலியில் மட்டும் கையை இறுக்காதீர்கள். பட்ஜெட் கூடிவிட்டால் முதலில் வெட்டுவது அதைத்தான் என்று ஒரு கெட்ட வழக்கம் இருக்கிறது. உங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பவர் அவர். அந்த ஊரின் அன்றைய கூலி என்ன என்று விசாரித்து, இரவு வேலைக்கு அதற்கு மேல் போடுங்கள். விபத்துக் காப்பீட்டுக்கும் ஒரு வரி. இதையெல்லாம் போட்டால் நிராகரிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம், நான் பார்த்தவரை போடாததைத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

எனக்கும் சம்பளம் போட்டுக்கலாமா?

அமைப்பைப் பொறுத்தது. சிலர் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் மட்டும் சம்மதிப்பார்கள், சிலர் மிதமான மாதத் தொகையை ஏற்பார்கள். கல்லூரிக் கட்டணமும் மாநாட்டுப் பயணமும் பெரும்பாலும் ஆகாது. ஏற்கெனவே ஜே.ஆர்.எஃப். வாங்குபவர் இதிலும் சம்பளம் போட்டால் ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டியதாகிவிடும், அது கூடாது என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

பெர்மிஷன் எல்லாம் பணம் கிடைச்ச அப்புறம் கேட்டா போதாதா?

போதாது. இதைச் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். நான் பார்க்கப் போனது மழைக்காலத்தில் மட்டும் கத்தும் தவளைகளை. நிதி வந்தது ஜூன் மாதம். அதற்குப் பிறகுதான் அனுமதிக்கு எழுதினேன். கையில் கடிதம் வந்தபோது பிப்ரவரி. ஓடை காய்ந்து, இலைச்சருகு நொறுங்கிக்கொண்டிருந்தது. நிதி தந்தவர்களிடம் ஒரு வருட நீட்டிப்புக் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என் மெயிலில் கிடக்கிறது.

சரணாலயம், தேசியப் பூங்கா இரண்டுக்குள்ளும் ஆய்வுக்காக நுழைய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். சரணாலயத்துக்கு 28-ஆம் பிரிவு. விண்ணப்பம் சென்னைக்குப் போகும். அங்கிருந்து மாவட்ட வன அலுவலரின் கருத்துக்கு இறங்கும், மறுபடி மேலே ஏறும். அந்தக் கருத்தை எழுதுகிறவர் உங்கள் முகத்தை ஒருமுறையாவது பார்த்திருந்தால் காகிதம் கொஞ்சம் வேகமாக நகரும். அதனால் ப்ரொபோசல் எழுதும்போதே மாவட்ட வன அலுவலரையும் வனச்சரகரையும் போய்ப் பாருங்கள். ‘உங்களுக்கு இங்கே என்ன தெரிந்தால் உபயோகமாக இருக்கும்?’ என்று கேளுங்கள். பல சமயம் உங்கள் கேள்வியைவிட நல்ல கேள்வி அங்கேதான் கிடைக்கும்.

என் வேலை காட்டுக்குள்ள இல்லை, தோட்டத்துலதான். அப்பவும் பெர்மிஷன் வேணுமா?

பட்டா நிலத்தில் நின்று எண்ணுவதற்கு மட்டும் என்றால் நிலக்காரரின் சம்மதம் போதும். ஆனாலும் வனச்சரகருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு டார்ச்சோடு தோட்டத்தில் திரிகிறவரை ஊர்க்காரரும் சந்தேகப்படுவார், ரோந்து வருகிறவரும் சந்தேகப்படுவார். தோட்டத்தை ஒட்டிக் காப்புக்காடு இருந்து அதில் கால் வைப்பதானால் தமிழ்நாடு வனச் சட்டம் 1882 வந்துவிடும். அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

பிராணியைத் தொடுவதாக இருந்தால் கதையே வேறு. சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது, பறவை அல்லது ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வது எல்லாமே அதில் அடங்கும். வலை கட்டிப் பறவைக்கு வளையம் மாட்டுவதற்கும், தேவாங்குக்குக் காலர் (அது எங்கே இருக்கிறது என்று காட்டும் கழுத்துப்பட்டை) மாட்டுவதற்கும் 12-ஆம் பிரிவின் கீழ் தனி அனுமதி வேண்டும். சட்டம் அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணை விலங்கு என்றால் மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். தேவாங்கு முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. ஆறு மாத எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் காலர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம். கண் மின்னுவதை எண்ணினாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

பரிந்துரைக் கடிதம் துறைத் தலைவர்கிட்ட வாங்கினா வெயிட்டா இருக்குமா?

உங்களைத் தெரிந்தவர் எழுதியதுதான் வெயிட். ‘இவர் ஒழுக்கமான மாணவர், இவருக்கு என் வாழ்த்துகள்’ என்று லெட்டர்ஹெட்டில் வரும் நான்கு வரி யாரையும் அசைக்காது. நீங்கள் இரண்டு மாதம் தன்னார்வலராக வேலை பார்த்த கள நிலையத்து ஆய்வாளர், நீங்கள் மழையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுவார். அதை வாங்குங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னால் கேளுங்கள், ப்ரொபோசலையும் சேர்த்து அனுப்புங்கள்.

எனக்கு இங்கிலீஷ் சுமார்தான். சாட்ஜிபிடியை வெச்சு எழுதிடலாமா?

தமிழில் யோசித்துத் தமிழிலேயே முதல் வடிவத்தை எழுதுங்கள். கிளுவை வேலி விஷயம் அவளுக்கு இங்கிலீஷில் வரவே இல்லை. தமிழில் பேசியபோது மளமளவென்று கொட்டியது. அப்புறம் மொழிபெயர்க்க எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அமைப்பு அதற்குத் தடை போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘தேவாங்கு பற்றி ஒரு ப்ரொபோசல் எழுதிக் கொடு’ என்று கேட்டால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். வழவழவென்று இருக்கும், ஊரும் இருக்காது வேலியும் இருக்காது. போன வருடம் எனக்கு வந்ததில் மூன்று ப்ரொபோசல் ஒரே பத்தியோடு தொடங்கின.

வெளிநாட்டுப் பணம் நேரா என் அக்கவுண்டுக்கு வருமா?

இந்தக் கேள்விக்குத்தான் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். ‘எனக்கு வந்தது, உனக்கும் வரும்’ என்ற சீனியரின் பேச்சை நம்பாதீர்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010 தனிநபரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் என்றாலும் பணம் முதலில் புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்; 2020 திருத்தத்தில் வந்த விதி. அதே திருத்தம், ஓர் அமைப்பு தனக்கு வந்த வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றுவதையும் தடுத்துவிட்டது.

ஆக, விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக் கணக்குப் பிரிவிலும், இந்தச் சட்டம் தெரிந்த ஓர் ஆடிட்டரிடமும் நிதி அமைப்பின் விதிமுறையைக் காட்டிக் கேளுங்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் உள்நாட்டு நிதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

முடி, எச்சம் இதையெல்லாம் வெளிநாட்டு லேபுக்கு அனுப்பிச் சோதிக்கலாமா?

உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002 இருக்கிறது. அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. மாதிரியை வெளியே அனுப்பவும், வெளிநாட்டவரோடு ஆய்வு முடிவைப் பகிரவும் அங்கே அனுமதி வாங்க வேண்டிய நிலை பலவற்றுக்கு உண்டு. அதற்கு முன்னால், அந்த மாதிரியை எடுப்பதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். மரபணுச் சோதனை இந்தியாவிலேயே முடியுமென்றால் இங்கேயே முடியுங்கள். மாணவர் ப்ராஜெக்டுக்கு இந்தச் சுற்று கட்டாது.

பொண்ணு தனியா ராத்திரி ஃபீல்டுக்குப் போறதான்னு வீட்ல விடமாட்டேங்கிறாங்க. இதை ப்ரொபோசல்ல எழுதலாமா?

எழுதுங்கள். வீட்டுப் பிரச்சினையாக எழுத வேண்டாம், பாதுகாப்பு ஏற்பாடாக எழுதுங்கள். ‘இரவுக் கணக்கெடுப்புக்கு எப்போதும் இருவர் செல்வோம், அவர்களில் ஒருவர் உள்ளூர்ப் பெண்’ என்று ஒரு வரி, அதற்கான கூலி பட்ஜெட்டில் ஒரு வரி. மேலே சொன்ன தங்கைக்கு உதவியாளராக வந்தது பக்கத்துத் தோட்டத்து அக்கா. முதல் இரவிலேயே தேவாங்கை முதலில் பார்த்ததும் அவர்தான். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

மூணு தடவை ரிஜெக்ட் ஆயிடுச்சு. விட்டுடவா?

காரணம் சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். சொல்லவில்லையென்றால் மரியாதையாக ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். பத்தில் இரண்டு பேர் பதில் எழுதுவார்கள், அது போதும். இதற்கு முன் நிதி பெற்றவர்களின் அறிக்கையை ரஃபோர்ட் தன் தளத்திலேயே போட்டு வைத்திருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் யார் என்ன செய்தார்கள் என்று பத்து அறிக்கை படித்தால், உங்களுடையதில் என்ன குறை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மூன்று தடவையும் ஒரே ப்ரொபோசலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அனுப்பியிருந்தால், அது ஒரே தடவைதான்.

பாதியில பிளான் மாறிடுச்சு, பணமும் மிச்சம். யாருக்கும் சொல்லாம வேற செலவுக்கு எடுத்துக்கலாமா?

சொல்லிவிட்டு எடுங்கள். மழை தவறும், யானைக்கூட்டம் வந்து ஒரு மாதம் பாதை அடைபடும், இதெல்லாம் நிதி தருகிறவர்களுக்குப் புதிதில்லை. ‘இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு இவ்வளவு மாற்ற விரும்புகிறேன், காரணம் இது’ என்று எழுதினால் பெரும்பாலும் சரி என்பார்கள். சொல்லாமல் மாற்றியது கடைசிக் கணக்கில் தெரியும்போதுதான் பெயர் கெடும். பில் தராத டீக்கடைக்கும் கூலிக்கும் ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பெட்ரோல் பில்லை அன்றே போனில் படம் எடுங்கள். அந்தத் தாளில் மை மூன்று மாதத்தில் மறைந்துவிடும்.

என் பேர்ல வந்த கிராண்ட்ல லேபுக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்றார் கைடு. எப்படி மாட்டேன்னு சொல்றது?

இது அடிக்கடி வருகிறது, கேட்பவரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நேருக்கு நேர் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. நிதி ஒப்பந்தத்தில் செலவு வரிகள் இருக்கும். ‘சார், இந்த வரிக்கு அவங்க அனுமதி வேணும், மெயில் போட்டுக் கேட்டுட்டேன்’ என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே மெயில் போடுங்கள், கைடையும் அதில் சேர்த்து. பதில் எழுத்தில் வரும், அது உங்களுக்கும் காப்பு அவருக்கும் காப்பு. அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போதே கல்லூரிக்கு எத்தனை சதவீதம் போகும், கருவிகள் ஆய்வு முடிந்தபின் யாரிடம் இருக்கும் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் குடுத்தாச்சு. அவ்வளவுதானே?

நிதி தந்தவர்களுக்கு அவ்வளவுதான். அனுமதி தந்த வன அலுவலகத்துக்கு ஒரு பிரதி போக வேண்டும். பெரும்பாலும் அனுமதிக் கடிதத்திலேயே இந்த நிபந்தனை இருக்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் உங்களுக்குப் பின்னால் வருகிற மாணவரின் கோப்புதான் மேசையில் நிற்கும்.

தோட்டக்காரர்களுக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், அதற்கு ஜெராக்ஸ் செலவையும் பட்ஜெட்டிலேயே போட்டுவிடலாம். அந்தத் தங்கை இருபது பிரதி எடுத்துக்கொண்டு போனாள். ஒரு பெரியவர் வாங்கி, வரைபடத்தில் தன் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ‘பக்கத்துத் தோட்டத்துல ஏழு, எங்க தோட்டத்துல நாலுதானா?’ என்று கேட்டாராம். அவர் முந்தின வருடம்தான் தெற்கு வேலியை எடுத்திருந்தார்.